திருப்புக்கொளியூரில் இரு மனைகள்

கொங்குநாட்டுத் தேவாரத் தலங்கள் ஏழனுள் ஒன்றாகிய திருப்புக்கொளியூர் அவிநாசி, கோவையினின்று சேலஞ் செல்லும் பெருவழியில் உள்ளது. நெடுங்காலம் கோவை மாவட்டத்தைச் சார்ந்திருந்து, 2009-இல் அமைந்த திருப்பூர் மாவட்டத்திற் சேர்க்கப்பட்டது. அவிநாசியப்பரையும் கருணாம்பிகையையும் வழிபடச் செல்வோர், முதலையுண்ட பாலனைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் மீட்ட வரலாற்றை நினையாது மீள்வதில்லை. ஆயினும் அவ்வரலாறு பெரும்பாலும் முதலையிற் றொடங்கி முதலையிலேயே முடிவதாகச் சொல்லப்பட்டு வருகின்றது. சிற்பத்திலும் படத்திலும் காணப்படுவது முதலையின் வாயும் அதனினின்று வெளிப்படும் சிறுவனுமே. சொற்பொழிவாளர் பலரும் அவ்விடத்திற் குரலை உயர்த்திப் பதிகத்தைப் பாடி நிறுத்திவிடுகின்றனர். அற்புதத்தை ஒப்பாதார் அதனையே பற்றிக்கொண்டு எள்ளுகின்றனர். இரு திறத்தாரும் சேக்கிழார் பெருமான் சொன்னவற்றிற் பாதியைப் படியாது விட்டவரேயாவர்.

ஏழாந் திருமுறையில் 92-ஆவதாக உள்ள அவிநாசித் திருப்பதிகத்தை எடுத்து நோக்கின், முதலையைப்பற்றிய குறிப்பு அதன் நான்காந் திருப்பாட்டில் மட்டுமே வருகின்றது; அதுவும், பிள்ளையைத் தரும்படி காலனுக்கும் முதலைக்கும் ஆணையிடுமாறு இறைவனை வேண்டும் ஒரு விண்ணப்பமாகவே அமைந்துள்ளது. பிள்ளை யாருடையது, அவன் பெற்றோர் எத்தகையர், சுவாமிகள் அவ்வூர்த் தெருவில் ஏன் நின்றனர் என்பனவற்றுள் ஒன்றும் பதிகத்தில் இல்லை. இவற்றை விரித்துரைப்பது பன்னிரண்டாந் திருமுறையாகிய திருத்தொண்டர் புராணத்தின் இறுதிப் பகுதி, வெள்ளானைச் சருக்கம். பதிகம் அற்புதத்தைக் காட்ட, புராணம் அதனோடு ஒரு தெருவையும் இரு மனைகளையும் காட்டுகின்றது. நாடோறும் வாழும் வாழ்க்கைக்கு வேண்டும் அறம் அம்மனைகளிற்றான் இருக்கின்றது.

நம்பியாரூரர் சேரமான் பெருமாளைக் காண மலைநாடு நோக்கிச் செல்கின்றார். அவிநாசியில் அந்தணர் தெருவழியே எழுந்தருளும்பொழுது ஒரு மனையில் மங்கல ஒலியும் அதற்கு எதிர்மனையில் அழுகை ஒலியும் ஒருங்கே செவியில் விழுகின்றன. உடனே நின்று காரணம் வினவுகின்றார். ஐந்தாண்டுப் பருவத்துச் சிறுவர் இருவர் மடுவிற் குளித்தபோது ஒருவனை முதலை விழுங்கியது. பிழைத்தவனுக்கு இன்று முந்நூற் சடங்கு. மற்றவன் வீட்டில் அழுகை. இதுவே அங்கிருந்தோர் கூறிய விடை.

இங்கே கருதத்தக்கது, அச்சாவு அன்று நிகழ்ந்ததன்று என்பது. சாவு நிகழ்ந்து ஆண்டுகள் சில கழிந்துவிட்டன. அன்றே நிகழ்ந்திருப்பின் எதிர்மனையார் மேளத்தை நிறுத்தியிருப்பர். ஊர் முழுதும் கூடியிருக்கும். பழைய துக்கத்திற்கு அவ்வுரிமை இல்லை. கூட விளையாடிய பிள்ளைக்குச் சடங்கு நிகழும் நாளில், தன் பிள்ளையும் இருந்திருந்தால் இன்று அவனுக்கும் இது நடந்திருக்குமே என்று ஒரு தாய் அழுவதை யார் வந்து ஆற்றுவர்? மங்கலங் கொண்டாடினாரையும் குறைகூறுதற்கில்லை; சேக்கிழாரும் அவரைக் குறைகூறிற்றிலர். மகவை இழந்த வீடுகளிற் பழகியவர்க்கு இவ்விடம் கட்டுக்கதையாகத் தோன்றாது.

அழுகையொலி நெடுநேரமாகவே அத்தெருவிற் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு நின்றவர் வழிப்போக்கராய் வந்த ஒருவரே. அவர் செய்த முதற்செயல் பாடியதன்று, கேட்டது.

வன்றொண்டர் வந்திருக்கின்றார் என்றறிந்து பிள்ளையை இழந்த அந்தணரும் மனைவியாரும் துன்பம் நீங்கி முகமலர்ந்து வந்து தொழுகின்றனர். மகனை இழந்தவர் நீவிரோ என்று சுவாமிகள் வினவ, அது முன்னரே நிகழ்ந்து கழிந்தது என்றும், சுவாமிகளை வணங்கவேண்டுமென்று பண்டே முயன்றிருந்த தம் அன்பு வீண்போகாது அவர் எழுந்தருளப் பெற்றதே பேறு என்றும் விடை கூறுகின்றனர். பிள்ளையைத் தருக என்று கேட்டாரல்லர். கேட்கலாம் என்னும் எண்ணமும் அவர்க்குத் தோன்றியதாகப் புராணத்திற் குறிப்பில்லை.

இது போலி முகமலர்ச்சியாகாதோ என ஒரு தடை எழலாம். ஆகாது. அவர்கள் அழுதவர்கள், அவ்வழுகை தெருவெல்லாம் கேட்டது. துக்கத்தை உணராத கல்நெஞ்சரை ஞானியரென்று காட்டுதல் சேக்கிழார் கருத்தாயின் அவ்வொலியை அவர் பாடியிரார். அழுகையும் உண்மை, அடியாரைக் கண்ட மகிழ்ச்சியும் உண்மை. திங்களூரில் அப்பூதியடிகள், அன்று அரவு தீண்டி இறந்த மகன் உடலை மறைத்துவைத்துத் திருநாவுக்கரசரை அமுதுசெய்விக்க முயன்றனர்; ஆண்டு மறைத்தற்குக் காரணம் அடியாரின் அமுது தடைப்படலாகாது என்பது. அவிநாசியார் எதனையும் மறைத்திலர். வினவியபோது உள்ளதைச் சொல்லி, அதனினும் முற்பட்டதாகத் தம் அன்பைச் சொன்னார். அப்பூதியடிகள் அறுபத்துமூவருள் ஒருவர். அவிநாசியாருக்கோ புராணத்திற் பெயரும் இல்லை.

நடந்தது நடந்துவிட்டது என்னும் சொல் யார் வாயிற் பிறந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். அது துக்கப்பட்டவர் தம் வாயிலிருந்து வந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர் அதனைச் சொல்லவில்லை. இக்காலத்துச் சாவீடுகளில் இது தலைகீழாக நிகழ்கின்றது. சைவநூற் பயிற்சி சிறிது உடையார், பிள்ளையைப் பறிகொடுத்தவர் முன் அமர்ந்து பிராரத்த வினையின் இயல்பை விரித்துரைக்கின்றனர். அனுபவித்தே தீரவேண்டும் என்கின்றனர். கொள்கை மெய்யே. தன் துன்பத்தைப் பொறுத்தற்கு ஒருவன் கைக்கொள்ளவேண்டிய அக்கொள்கையைப் பிறர் துன்பத்தைக் கேளாதொழிதற்குக் கருவியாக்குதல் சைவமாகாது. வினைக்கொள்கையை வன்றொண்டர் அறியாதவரல்லர். அறிந்தும் அத்தெருவில் அதனைப் பேசினாரில்லை.

அவர் செய்தது மற்றொன்று. மகனை இழந்த துயரையும் மறந்து தம் வரவுக்கே மகிழ்ந்த இவர்க்கு, அம்மகனை முதலைவாயினின்றும் அழைத்துக் கொடுத்த பின்னரே அவிநாசி இறைவன் திருவடியைப் பணிவேன் என்று துணிந்தார். இவ்வரலாற்றில் வியக்கத்தக்கது இத்துணிவே. பெற்றோர் தம் துயரைப் பின்னே வைத்து அடியாரைத் தொழுதனர். அடியார் தம் ஆலய வழிபாட்டைப் பின்னே வைத்து அவர் துயரை எடுத்துக்கொண்டனர். சிவஞானபோதத்தின் 12-ஆஞ் சூத்திரம், அரனெனத் தொழத்தக்கனவற்றுள் அடியார் வேடத்தை முன்னும் ஆலயத்தைப் பின்னும் வைத்து ஓதுகின்றது. சூத்திரம் பின்னாளில் எழுந்தது. அம்முறை அவிநாசித் தெருவில் முன்னரே நிகழ்ந்துவிட்டது. தேங்காய் பழத்தட்டுடன் கோயிலுக்கு விரைபவர் வழியில் அழுகுரல் கேட்டு நிற்பராயின் பூசை வேளை தவறும். தவறலாமா என்னும் ஐயத்திற்குச் சமயாசாரியர் ஒருவர் செயலே இங்கு விடையாக இருக்கின்றது.

பின்னர் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. மடு யாதென்று வினவி அதன் கரையை அடைந்து பாடினார். அத்திருப்பாட்டு முடியுமுன்னரே, கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியும் நிரம்பியவனாகச் சிறுவன் கரையேறினான்.

அற்புதத்தைக் குறைத்துச் சொல்லல் இங்குக் கருத்தன்று. ஆயினும் மறுத்தற்கியலாத ஒன்றுண்டு. பிள்ளையை இழந்த பெற்றோர் எத்தனையோ பேர் அத்தலத்தில் நின்று அப்பதிகத்தை ஓதியிருப்பர். அவர்க்குப் பிள்ளை மீளவில்லை. வரலாற்றின் பயன் முதலையோடு முடியுமாயின் அவர்கள் வெறுங்கையராய் வீடு திரும்பவேண்டியவரே. திரும்பவேண்டா என்பதற்குச் சான்று, பெற்றோர் சொன்ன விடை பிள்ளை மீள்வதற்கு முன்னர்ச் சொல்லப்பட்டது என்பது. அவ்விடையைச் சொல்லும்பொழுது அவர்களும் மீளாப் பிள்ளையின் பெற்றோரே.

பெரியபுராணத்திற்குப் பேருரை தந்த பெருமை கோவைக்கே உரியது. வழக்கறிஞராய் இருந்த சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் (1878–1961) எழுதிய அவ்வுரை ஏழு பாகங்களாகக் கோவைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. செய்யுள்தோறும் நின்று பொருள் காணும் அத்தகைய உரையோடு படிப்பவர்க்கு முதலைக்கு முன் உள்ள செய்யுட்கள் தப்பா. கதைச்சுருக்கம் மட்டுங் கொண்டு பிரசங்கம் செய்வோர்க்கே அவை தப்பிவிடுகின்றன. பள்ளிப் பிள்ளைகட்கு எழுதப்படும் சுருக்கங்களிலேனும் இரு வீட்டொலியும் பெற்றோர் விடையும் இடம்பெறுதல் நன்று; இரண்டு வாக்கியங்கள் போதும்.

மீண்ட மகனுடன் அவிநாசியப்பரை வணங்கிய பின்னும் நம்பியாரூரர் உடனே புறப்படவில்லை. கழிந்த ஆண்டுகளால் இவன் இழந்த முந்நூற் சடங்கை அம்மனையிலேயே நிகழ்வித்தார். காலையில் ஒரு வீட்டில் மட்டும் ஒலித்த மங்கல முழவு அதன்பின் எதிர்வீட்டிலும் ஒலித்தது. அதற்கு அப்பால் மலைநாட்டு வழி; திருவஞ்சைக்களம்; அங்கிருந்து வெள்ளையானைமேற் கயிலை.