விளாம்பழ ஐஸும் புளிப்புக்கு இடம் தரும் பாலும்

விளாம்பழம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் விநாயகர் சதுர்த்தியோடு வந்து சதுர்த்தியோடு போய்விடும் பழம். ஓட்டை உடைத்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து ஒரு வாய் சாப்பிடுவோம், அதோடு சரி. இலங்கையில் அதே பழம் அன்றாடப் பானம். சதையைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, தேங்காய்ப்பாலும் கித்துள் பனை வெல்லமும் சேர்த்துச் சிங்கள வீடுகளில் ‘திவுல் கிரி’ செய்கிறார்கள். அட்டைப் பெட்டியில் அடைத்த விளாம்பழச் சாறு அங்கே கடைகளிலும் கிடைக்கும். அந்தக் கரைசலை டம்ளரில் ஊற்றி, குச்சி செருகி உறைய வைத்தால் கிடைப்பதுதான் நான் சாப்பிட்ட பழ ஐஸ்களிலேயே சிறந்தது. விளாம்பழத்தில் பெக்டின் மிகுதி. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பனித்துகள்கள் பெரிதாக வளர்வதில்லை. கடையில் விற்கும் கெட்டிப் பொடி எதுவும் சேர்க்காமலேயே, பல்லுக்கு மெத்தென்று கடிபடும்.

இந்த ஒரு பழத்தை வைத்தே தமிழ்நாடு, இலங்கை என்ற இரு கரைகளின் வீட்டு ஐஸையும் பிரித்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஐஸ் என்றால் பால். பெட்டி மூடியைத் தட்டிக்கொண்டு வரும் வண்டியில் பால் ஐஸுக்கும் சேமியா ஐஸுக்கும்தான் மதிப்பு. ஆரஞ்சும் திராட்சையும் அங்கே வெறும் நிறமும் எசன்ஸும். வீட்டில் செய்யும்போதும் அதே வழக்கம்தான்: பாலைச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு, கடைசியில் மாம்பழமோ சப்போட்டாவோ அரைத்துக் கலப்பார்கள். பழம் அதில் விருந்தாளி. யாழ்ப்பாணத்துத் தெருவில் விற்ற ஐஸ்பழமும் பெரும்பாலும் சாயமிட்ட சர்க்கரைத் தண்ணீர்தான். அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குள் போனால் கதை வேறு. அங்கே ஐஸ் தொடங்குவது கரைத்து வைத்த பழச்சாற்றிலிருந்து. வேலியில் படர்ந்த கொடித்தோடை (பேஷன் ஃப்ரூட்), முற்றத்துத் தேசிக்காய் (எலுமிச்சை), நெல்லி, அன்னாசி என்று விருந்தாளிக்குக் கரைத்துக் கொடுக்கும் எதுவும் மிஞ்சினால் பிரிட்ஜின் மேல்தட்டுக்குப் போய்விடும்.

இந்த வேறுபாட்டின் வேர் பால் கிடைக்கும் விதத்தில் இருக்கிறது. உலகில் மிக அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. காலையில் வாசலில் பால் பாக்கெட் விழாத நகரத்துத் தெரு தமிழ்நாட்டில் அரிது. இலங்கை பெரும்பாலும் இறக்குமதிப் பால்மாவை நம்பி வாழும் நாடு. டாலர் தட்டுப்பாடு வந்த 2021, 2022ஆம் ஆண்டுகளில் பால்மா வாங்க மக்கள் வரிசையில் நின்றார்கள். ஆனால் தேங்காய் துருவாத நாள் அங்கே இல்லை. தேங்காய்ப்பாலில் சொதியும் பாற்கறியும் வைக்கும் வீட்டில் முதற்பால் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஐஸுக்கும் அதுவே சேர்ந்துகொண்டது.

வசதிக்காகச் சேர்ந்த இந்தத் தேங்காய்ப்பால்தான் பழ ஐஸுக்கு உண்மையில் பொருத்தமான பால் என்பது என் கட்சி. பசும்பாலில் கேசீன் என்ற புரதம் உண்டு. புளிப்புப் பட்டால் அது திரிந்துவிடும். அதனால் பாலில் ஐஸ் செய்கிறவர் எலுமிச்சை, அன்னாசி, ஆரஞ்சு, நெல்லி, புளிப்பான மாங்காய் எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்திவிட வேண்டியிருக்கிறது. மிஞ்சுவது மாம்பழம், வாழை, சப்போட்டா, சீதாப்பழம் என்ற இனிப்புக் கூட்டம் மட்டும். அன்னாசியிலும் பப்பாளியிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும் உண்டு. பச்சையாக அரைத்துப் பாலில் கலந்து வைத்தால் சிறிது நேரத்தில் கசப்புத் தட்டும். வெல்லமோ கருப்பட்டியோ சூடான பாலில் விழுந்தாலும் திரியும் அபாயம் உண்டு. ஆகவே வெள்ளைச் சர்க்கரையைத் தவிர வேறு வழியில்லை என்று ஆகிவிடுகிறது. தேங்காய்ப்பாலில் புரதம் சொற்பம். அதன் கனம் கொழுப்பினால் வருவது. யாழ்ப்பாணத்தில் சொதியை இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுகிறார்கள், சொதி கெடுவதில்லை. அந்த நம்பிக்கையில்தான் கொடித்தோடம்பழச் சாற்றையும் முதற்பாலையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றத் துணிந்தேன்.

அந்த ஐஸுக்கு என் கணக்கு இது. ஏழெட்டுக் கொடித்தோடம்பழத்தின் சாறு, ஒரு கப் கெட்டித் தேங்காய்ப்பால், அரை கப் கொதித்து ஆறிய தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி பனங்கட்டிப் பாகு, ஒரு சிட்டிகை உப்பு. பனங்கட்டியைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, நன்றாக ஆறவைத்துச் சேர்க்க வேண்டும். மண் துகள் இல்லாத பனங்கட்டி அபூர்வம். பழத்தின் கறுப்பு விதைகளில் ஒரு கரண்டியளவு அப்படியே விட்டுவிடுங்கள், கடிக்கும்போது நன்றாக இருக்கும். தமிழ்நாட்டுச் சமவெளியில் இந்தப் பழம் எளிதில் கிடைக்காது. கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் போகிறவர்கள் வாங்கி வரலாம். கிடைக்காவிட்டால் அதே அளவு அன்னாசிச் சாறு போதும். எனக்கு அதுவும் ஏறத்தாழ அதே அளவு பிடிக்கும்.

மாம்பழத்தில் இரு கரையும் சமம் என்று சொல்ல யாழ்ப்பாணத்தார் ஒப்பமாட்டார்கள். கறுத்தக்கொழும்பான் பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். உள்ளே கடும் ஆரஞ்சு நிறச் சதை. இங்கே எனக்கு இமாம் பசந்த் அதற்கு ஈடாகப் படுகிறது. ஆனால் அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பழத்தை உறைய வைப்பது அதற்குச் செய்யும் நியாயம் அல்ல. ஐஸுக்குப் பங்கனப்பள்ளியோ செந்தூரமோ போதும். குளிரில் நாவுக்கு இனிப்பும் மணமும் மங்கித் தெரியும். அதனால் நுட்பமான மணமுள்ள பழம் வீணாகும். புளிப்பும் அழுத்தமான மணமும் உள்ள பழம் தப்பிப் பிழைக்கும். விளாம்பழமும் கொடித்தோடையும் ஐஸாக வெற்றி பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த மங்கலை ஈடுகட்டத்தான் எல்லோரும் சர்க்கரையைக் கொட்டுகிறார்கள். வீட்டில் செய்வதாலேயே அது உடம்புக்கு நல்லது என்று நாம் நம்பிவிடுகிறோம். கருப்பட்டியும் கித்துள் பாணியும் தேனும் பெரும்பகுதி சர்க்கரைதான். மணத்துக்காக அவற்றைத் தேர்ந்தெடுப்பது சரி, மருந்தாக நினைப்பது தவறு. இலங்கை 2016இல் ஒரு நல்ல காரியம் செய்தது. இனிப்புப் பானங்களின் மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போட வேண்டும் என்று சட்டம் வந்தது: 100 மில்லிலிட்டரில் 11 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே பச்சை. அந்த அளவுகோலை நம் வீட்டுக் கலவைக்கும் பிடித்துப் பார்க்கலாம். மாம்பழச் சதையில் இயல்பாகவே 100 கிராமுக்கு 13, 14 கிராம் சர்க்கரை உண்டு. அதில் இன்னும் சர்க்கரை சேர்க்க எந்த நியாயமும் இல்லை. தேங்காய்ப்பாலும் அரை மூடி எலுமிச்சைச் சாறும் போதும். தர்பூசணியில் சர்க்கரை ஆறு கிராம் அளவுதான், மீதி கிட்டத்தட்டத் தண்ணீர். அதனால் தனியாக உறைய வைத்தால் கல்லாகிவிடும். ஒரு பழுத்த வாழைப்பழத்தை உடன் அரைத்தால் இனிப்பும் குழைவும் சேர்ந்து கிடைக்கும். குழந்தைகளுக்குச் செய்யும்போது பழத்தைச் சாறாக வடிக்காமல் கூழாகவே விடுவது நல்லது; நார் தங்கும்.

தமிழ்நாட்டுக்கு இதில் கொடுக்க ஒன்றும் இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. சுண்டக் காய்ச்சும் பழக்கத்தைப் பாலிலிருந்து பழத்துக்கு மாற்றினால் போதும். கம்பம் பன்னீர் திராட்சையைச் சிறிது தண்ணீரோடு வேகவைத்து, மசித்து, தோலும் விதையும் போக வடிகட்டி, பாதியாகும்வரை சுண்டவிட்டு உறைய வைத்தால் கிடைக்கும் கருஞ்சிவப்பு ஐஸுக்கு எந்தச் சாயமும் வேண்டாம். யாழ்ப்பாணத்திலும் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. அங்கேயும் இதைச் செய்யலாம். ராமநவமிக்குக் கரைக்கும் பானகம் இன்னொன்று. வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை என்று எல்லாம் அளவாகச் சேர்ந்த பானம் நம்மிடம் இருக்கிறது, அதை ஏன் யாரும் குச்சியில் உறைய வைப்பதில்லை என்று எனக்கு ஆதங்கம். நுங்கு இரண்டு கரைக்கும் பொது. தோல் உரித்துப் பொடியாக நறுக்கி இளநீரில் போட்டு உறைய வைத்தால் இனிப்பே சேர்க்க வேண்டாம்.

தயிர் விஷயத்திலும் இலங்கையிடம் நாம் கற்க வேண்டும். மட்டக்களப்பு எருமைத் தயிரில் பாணி ஊற்றிச் சாப்பிடுவது அங்கே இயல்பு. நமக்குத் தயிர் என்றால் உப்பு. தயிரில் புரதம் ஏற்கெனவே உறைந்திருப்பதால் பழத்தின் புளிப்பு அதைத் திரிக்காது. பால் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் கெட்டித்தயிரும் பழக்கூழும் கலந்து செய்யலாம்.

அச்சு வாங்க அலைய வேண்டியதில்லை. சின்ன எவர்சில்வர் டம்ளர் பிளாஸ்டிக் அச்சைவிட நல்லது. உலோகம் குளிரை வேகமாகக் கடத்துவதால் துகள் சிறிதாக உறையும். இலங்கையில் காலி யோகட் கோப்பைகளும் கைகொடுக்கும். முக்கால் பங்கு ஊற்றி, ஒன்றரை மணி நேரம் கழித்து ஓரம் இறுகியதும் குச்சியைச் செருகினால் நேராக நிற்கும். ஒற்றைக் கதவு பிரிட்ஜ் என்றால் இரவு முழுவதும் விட வேண்டும்.

உறைய வைப்பதால் கிருமி சாகாது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றியே சேர்க்க வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதுவும் கூடாது. மின்வெட்டு இரு கரைக்கும் பழக்கமானது: தமிழ்நாட்டின் பல மாவட்டங்கள் 2012இல் நாளில் பாதி நேரத்தை இருட்டில் கழித்தன, இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் அது 13 மணி நேரம்வரை போனது. யாழ்ப்பாணம் 1990களின் பெரும்பகுதியை மின்சாரமே இல்லாமல் கடந்த ஊர். நீண்ட மின்வெட்டில் உருகிப்போன தேங்காய்ப்பால் ஐஸையும் தயிர் ஐஸையும் திரும்ப உறைய வைக்காதீர்கள். குளிர் இருக்கும்போதே குடித்துவிடுங்கள், அறைச் சூட்டில் கிடந்திருந்தால் கொட்டிவிடுங்கள். வெயில் காலத்தில் ஒரு வாரத்துக்கானதை ஒரேயடியாகச் செய்து அடுக்குவதைவிட, வீட்டில் உள்ளவர்களுக்கு ஆளுக்கு இரண்டு என்று செய்துகொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.