எந்த கார் வந்தாலும் சார்ஜ்: கன் தயார், ஆப்?

சென்னை அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாவில் ஹூண்டாய் 2024இல் ஒரு 180 கிலோவாட் சார்ஜரை நிறுவியது. ஹூண்டாய் கார் வைத்திருப்பவர்தான் வர வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. தமிழ்நாடு முழுக்க 100 வேகச் சார்ஜிங் நிலையங்கள் அமைப்போம் என்று அறிவித்த நிறுவனம், எந்த பிராண்டு மின்சார காரும் அவற்றைப் பயன்படுத்தலாம் என்றும் சொல்லிவிட்டது. போட்டி நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கும் கதவைத் திறப்பது நல்ல காரியம். அந்தக் கதவு நடைமுறையில் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்று பார்க்க, ஒரு டாடா நெக்ஸான் இவியை எடுத்துக்கொண்டு போனேன்.

காரில் சொருகும் கேபிள் முனையான கன்னில் பிரச்சினையே இல்லை. இன்று இந்தியாவில் விற்கும் மின்சார கார்களில் டிசி வேகச் சார்ஜிங் உள்ளவை ஏறக்குறைய எல்லாமே சிசிஎஸ்2 சாக்கெட்டோடுதான் வருகின்றன: மேலே வட்டமாக ஏழு பின், கீழே பெரிதாக இரண்டு. டாடா, எம்ஜி, மஹிந்திரா, ஹூண்டாய் எதுவானாலும் ஒரே வடிவம். கன் கனமானது, ஒற்றைக் கையால் தூக்கச் சிரமம்தான். அழுத்திச் சொருகியதும் பூட்டு விழுகிறது. பிறகு சில நொடிகள் காரும் சார்ஜரும் தமக்குள் பேசிக்கொள்கின்றன. பேட்டரியின் மின்னழுத்தம் என்ன, எத்தனை ஆம்பியர் தாங்கும், எங்காவது மின்கசிவு இருக்கிறதா என்றெல்லாம் சரிபார்த்த பிறகே மின்சாரம் பாயத் தொடங்குகிறது.

“இவ்வளவு பெரிய சார்ஜரில் சின்ன வண்டியைப் போட்டால் பேட்டரி போயிடாதா சார்?” என்று பலர் கேட்கிறார்கள். போகாது. எவ்வளவு வேண்டும் என்று கேட்பது கார்தான். அது கேட்பதற்கு மேல் சார்ஜர் தராது. நெக்ஸான் அதிகபட்சம் 60 கிலோவாட்டை ஒட்டித்தான் வாங்கும். சார்ஜரின் முழுத் திறனும் உதவுவது ஐயானிக் 5, மஹிந்திரா பிஇ 6 போன்ற வண்டிகளுக்கு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பலகையில் எழுதியிருப்பது பெரும்பாலும் இயந்திரத்தின் மொத்தத் திறன். இரண்டு கன் உள்ள 60 கிலோவாட் சார்ஜர்கள் பலவற்றில், பக்கத்தில் இன்னொரு கார் வந்து நின்றதும் உங்கள் பங்கு 30 ஆகிவிடும். 80 சதவீதத்துக்கு மேல் எந்த காரிலும் வேகம் படுத்துவிடும். வரிசையில் ஆள் இருந்தால் அதோடு எடுத்துவிடுவது மரியாதை.

இனி போனுக்கு வருவோம். நெக்ஸான் ஓட்டுபவர் இங்கே மைஹூண்டாய் ஆப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். பதிவு செய்து, ஓடிபி போட்டு, பணம் கட்டி, கன்னைத் தேர்ந்தெடுத்தால் சார்ஜ் ஏறுகிறது. சொன்னபடியே எந்த காருக்கும் ஏறுகிறது. ஆனால் நெடுஞ்சாலையில் அடுத்த ஊரில் வேறொரு நிறுவனத்தின் சார்ஜர், அதற்கு வேறொரு ஆப், வேறொரு வாலட். சிலவற்றில் குறைந்தபட்சத் தொகையை முன்கூட்டியே போட்டாக வேண்டும், மிஞ்சும் பணம் உள்ளேயே கிடக்கும். நம் ஊரில் பிராண்டுகளுக்கு நடுவே இன்று நிற்கும் சுவர் இதுதான்.

ஐரோப்பாவிலும் பிராண்டுகளுக்கு நடுவே சுவர் இருந்தது, வேறு வடிவில். டெஸ்லா மாடல் 3 அங்கே விற்பனைக்கு வந்தபோதே அதன் சாக்கெட் சிசிஎஸ்2தான். ஆனாலும் வேறு நிறுவனக் காரை டெஸ்லாவின் சூப்பர்சார்ஜரில் சொருகினால் மின்சாரம் வராது. தடுத்தது மென்பொருள். 2021 நவம்பரில் நெதர்லாந்தில் 10 நிலையங்களில் முதலில் அந்தத் தடையை எடுத்தார்கள், பிறகு மற்ற நாடுகளுக்கும் பரவியது. அமெரிக்காவில் டெஸ்லா கன்னின் வடிவமே வேறு என்பதால், 2024 பிப்ரவரியில் ஃபோர்டு கார்கள் அடாப்டரோடுதான் உள்ளே வர முடிந்தது. அந்தத் தொல்லை நமக்கு இல்லை. கன் விஷயத்தில் நாம் அமெரிக்காவைவிட நல்ல இடத்தில் இருக்கிறோம்.

பணம் கட்டுவதிலும் ஐரோப்பா ஒரு படி முன்னால் போய்விட்டது. 2024 ஏப்ரல் 13 முதல் அங்கே புதிதாக வைக்கும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொதுச் சார்ஜர்கள், ஆப் இல்லாமலேயே வங்கி அட்டையில் பணம் வாங்கியாக வேண்டும். இளநீர்க் கடையிலேயே யுபிஐ இருக்கும் நம் நாட்டில் இதைச் செய்ய எந்தத் தொழில்நுட்பமும் புதிதாக வேண்டியதில்லை. கன் பக்கத்தில் ஒரு க்யூஆர் போதும். ராத்திரி பத்து மணிக்கு, பேட்டரியில் 10 சதவீதம், பின் சீட்டில் தூங்கும் குழந்தைகள், போனில் ஒரு கோடு சிக்னல் என்று வந்து நிற்பவரிடம் புது ஆப்பை இறக்கச் சொல்வது நியாயமே இல்லை. இதை விதியாகக் கொண்டுவரும்வரை ‘எல்லா காருக்கும் திறந்தது’ என்ற பேச்சை என்னால் பாதிதான் ஏற்க முடியும்.

சார்ஜர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று பார்க்கிங் கோடு. நெக்ஸானுக்கு சாக்கெட் இடது பின்பக்கம். கிரெட்டா எலெக்ட்ரிக்குக்கும் எம்ஜி இசட்எஸ்ஸுக்கும் முன்மூக்கில். ஐயானிக் 5க்கு வலது பின்பக்கம். ஒரே பிராண்டை மனதில் வைத்து கோடு போட்டு, கேபிளையும் அந்த அளவுக்கே விட்டால், மற்றவர்கள் ரிவர்ஸில் வந்து, குறுக்கே நிறுத்தி, பக்கத்து இடத்தையும் சேர்த்து அடைக்க வேண்டிவரும். நீளமான கேபிளுக்கு ஆகும் கூடுதல் செலவு வீண் செலவு ஆகாது.

யூனிட் விலையைப் பார்க்கும்போது அதில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டு மின்சாரத்தைவிட வேகச் சார்ஜிங் எப்போதுமே விலை அதிகம். தினசரி ஓட்டத்துக்கு வீட்டுச் சார்ஜரும் வெளியூருக்கு இதுவும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு கட்டுப்படியாகும். வெளியூர் கிளம்பும் முதல்நாளே வழியில் உள்ள நிலையங்களின் ஆப்களை வீட்டு வைஃபையில் இறக்கி, பதிவையும் ஓடிபியையும் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் சில கிலோமீட்டர் தள்ளி வேறு நிறுவனத்தின் சார்ஜர் ஒன்றையும் மாற்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.