கண்ணீருக்கு அப்பால்

1904ஆம் ஆண்டு மிலான் நகரில் அரங்கேறிய புச்சினியின் ‘மடம் பட்டர்ஃபிளை’ என்னும் இசைநாடகத்தைக் கண்டு கலங்காதார் சிலரே. ஆயின் கண்ணீர் விமர்சனமாகாது. நாகசாகியின் பதினைந்து வயதுப் பெண் அமெரிக்கக் கடற்படை அதிகாரி பிங்கர்ட்டனை நம்பி மணந்து, கைவிடப்பட்டு மாள்கிறாள். வஞ்சகத்தின் அடையாளங்கள் எங்கிருந்தன?

அவன் வீட்டை 999 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கிறான், மாதந்தோறும் முறித்துக்கொள்ளும் உரிமையோடு. திருமணத்தையும் அவ்வாறே கருதுகிறான். பின்னர் மணக்கப்போகும் ‘உண்மையான’ அமெரிக்க மனைவிக்காக மதுக்கிண்ணத்தை உயர்த்துகிறான். இவை அவள் செவிக்கு எட்டாதவை. ஆனால் ஒன்று அவள் கண்முன்னே நிகழ்ந்தது: அவள் தன் சமயத்தைத் துறந்தாள், சுற்றத்தை இழந்தாள், அவனோ எதனையும் இழக்கவில்லை. இழப்பெல்லாம் ஒருபக்கமே நிற்பதுதான் முதல் எச்சரிக்கை.

இது தனிமனிதனின் கயமை மட்டுமன்று. இதற்கு மூலமான ஜோன் லூதர் லோங்கின் சிறுகதை வெளிவந்த 1898இலும், யப்பானில் குற்றமிழைத்த அமெரிக்கனை விசாரிக்கும் அதிகாரம் அமெரிக்கக் கொன்சலிடமே இருந்தது. 1858ஆம் ஆண்டின் சமனற்ற ஒப்பந்தம் அளித்த அச்சலுகை 1899இலேதான் ஒழிந்தது. கைவிடுதலே மணமுறிவு என்று தரகன் யப்பானியச் சட்டத்தைச் சுட்டும்போது, தன் நாடு அமெரிக்கா என்கிறாள் அப்பேதை. அந்நாடோ அவளை ஒருபோதும் ஏற்றதில்லை.

இனங்கடந்த காதலை நாம் ஐயுற வேண்டியதில்லை. அது மானுடத்தின் உயர்ந்த சாத்தியங்களுள் ஒன்று. ஐயுற வேண்டியது சமனின்மையை. துறப்பவர் யார், விலகிச்செல்லும் வாயில் யாருக்குத் திறந்திருக்கிறது, சட்டம் யார் பக்கம் நிற்கிறது? இவற்றைக் கேட்கத் தூண்டாத இரசனை, பிங்கர்ட்டனுக்கே துணைபோகும்.