பறக்கும் படை பார்க்காத பணம்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே தாராசுரம் பட்டு வியாபாரிகளின் பேச்சில் ஓர் எண் அடிபடத் தொடங்கிவிடும்: ஐம்பதாயிரம். அதற்கு மேல் ரொக்கம் வைத்திருந்து, கையில் ரசீது இல்லாவிட்டால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும். நெசவாளிக்குக் கூலி, ஜரிகைக்கு முன்பணம், சேலை விற்ற காசு என்று எதைச் சொன்னாலும் "பில் எங்கே?" என்பதுதான் பதில். தொகை பத்து லட்சத்தைத் தாண்டினால் வருமான வரித்துறைக்குத் தகவல் போகும். வாக்குக்குப் பணம் கொடுப்பதைத் தடுக்க இந்தக் கெடுபிடி தேவை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2018 முதல் 2024 பிப்ரவரி வரை இதே நாட்டில் ஒரு நிறுவனம் பாரத ஸ்டேட் வங்கியில் கோடி ரூபாய்த் தேர்தல் பத்திரங்களை எத்தனை வேண்டுமானாலும் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம், கொடுத்தவர் பெயர் வாக்காளருக்குத் தெரியவேண்டாம் என்ற சட்டமும் நடப்பில் இருந்தது.

தேர்தல் பணத்துக்கு வரி அதிகாரியைக் காவல் வைக்கும் இந்த முறைக்கு நல்ல பலன் உண்டு. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானதற்கும், 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானதற்கும் வருமான வரிச் சோதனைகளே அடிப்படை. வேலூரில் சிக்கியது பதினோரு கோடி ரூபாய்க்கு மேல். ரோட்டோரத்தில் காரை மறிக்கும் பறக்கும் படை இந்த அளவுக்குப் பிடித்திருக்காது. கணக்குப் புத்தகம் படிக்கத் தெரிந்தவர்கள் போனதால்தான் கிடைத்தது.

பிடிபட்ட பிறகு என்ன நடந்தது என்று பார்த்தால்தான் சலிப்பு வருகிறது. தாராசுரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் தஞ்சாவூர்த் தொகுதியில் 2016 மே மாதம் பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளிவைத்தார்கள், பிறகு ரத்தே செய்தார்கள். அரவக்குறிச்சிக்கும் அதே கதி. நவம்பர் 19ஆம் தேதி மறுபடி தேர்தல் நடந்தபோது இரு தொகுதிகளிலும் இரண்டு பெரிய கட்சிகளும் மே மாதம் நிறுத்திய அதே வேட்பாளர்களை நிறுத்தின. தஞ்சாவூர் வாக்காளர் ஆறு மாதம் சட்டமன்ற உறுப்பினர் இல்லாமல் இருந்ததுதான் மிச்சம். வேலூரிலும் பழைய வேட்பாளரே நின்று ஜெயித்தார். தண்டனை தொகுதிக்குத்தான் கிடைத்தது.

இதைவிடப் பெரிய கோளாறு வேறொன்று. வருமான வரித்துறை தேர்தல் ஆணையத்தின் கீழ் இல்லை, நிதி அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. வேலூர்த் தேர்தல் ரத்தான அதே 2019 ஏப்ரல் 16 இரவு தூத்துக்குடியில் எதிர்க்கட்சியான திமுகவின் வேட்பாளர் கனிமொழி தங்கியிருந்த வீட்டிலும் சோதனை நடந்தது. எதுவும் கிடைக்கவில்லை. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் காங்கிரஸின் வங்கிக் கணக்குகளிலிருந்து 135 கோடி ரூபாயை வரி பாக்கியாகத் துறை எடுத்துக்கொண்டது. காங்கிரஸ் பக்கம் தவறே இல்லை என்று சொல்ல முடியாது. கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்தார்கள், ரொக்க நன்கொடை வரம்பையும் மீறினார்கள் என்பது துறையின் வாதம்; கட்சிகளுக்கு வரிவிலக்குத் தந்த வருமான வரிச் சட்டத்தின் 13ஏ பிரிவு அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் பழைய பாக்கியை வசூலிக்க வாக்குப்பதிவுக்கு இரண்டு மாதம் முன்புதான் நாள் பார்க்க வேண்டுமா? மேலும் 3,500 கோடி கேட்டு நோட்டீஸ் அனுப்பிய அதே துறை, தேர்தல் முடியும்வரை நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்று ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. காத்திருக்க முடியும் என்றால் முதலிலேயே காத்திருந்திருக்கலாமே.

இப்படிப்பட்ட சந்தேகம் எழும்போது அந்த அதிகாரியை யார் கேட்பது? அமெரிக்காவில் கேட்டுப் பார்த்தார்கள். நன்கொடையாளர் பெயரைச் சொல்லாமலே அரசியலில் பணம் இறக்க வழியுள்ள "சமூக நல" அமைப்புகளை அங்குள்ள வரித்துறை துருவியது; வலதுசாரி அமைப்புகளை மட்டும் குறிவைத்ததாக 2013இல் புயல் கிளம்பியது. அதற்குப் பிறகு பதவிக்கு வந்த ஆணையர் ஜான் கோஸ்கினன் மீது, ஆதார மின்னஞ்சல்கள் இருந்த நாடாக்கள் அழிந்ததைக் காரணம் காட்டி 2015இல் பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 2016 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை அதைக் குழுவுக்கு அனுப்பிவிட்டது, அத்தோடு சரி. அவர் தன் பதவிக்காலத்தை முடித்துக்கொண்டு போனார். இடதுசாரி அமைப்புகளும் அதே துருவலுக்கு ஆளானதாக அந்தத் துறையின் தணிக்கையாளரே 2017இல் அறிக்கை தந்தார். அந்த நாடகத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு: கேள்வி வெளிச்சத்தில் கேட்கப்பட்டது, யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பது பதிவானது. பிடிக்காததும் உண்டு: ரகசியப் பணத்தின் பக்கம் கைவைத்தால் வேலைக்கு ஆபத்து என்ற செய்தி அடுத்து வரும் அதிகாரிக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

நம் ஊரில் வரி அதிகாரியைப் பதவிநீக்க நாடாளுமன்றத் தீர்மானம் தேவையில்லை. ஓர் இடமாற்ற உத்தரவு போதும், அதற்குக் காரணம்கூடச் சொல்ல வேண்டாம். அப்படியொரு தீர்மானத்துக்கு இங்கே வழி செய்தாலும் தேறாது என்றே நினைக்கிறேன். தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி வி. ராமசாமி மீதான தீர்மானம் 1993 மே மாதம் மக்களவைக்கு வந்தபோது எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. ஆளுங்கட்சியான காங்கிரஸ் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தது, தீர்மானம் தோற்றது. நீதிபதிக்கே இப்படி என்றால் வரி ஆணையர் எம்மாத்திரம்!

ஆகவே அதிகாரியைக் கேட்டுப் பயனில்லை; நோயை, பெயர் சொல்லாமல் பணம் தர வழிவிட்ட தேர்தல் பத்திரத்தில்தான் தேட வேண்டும். 2017 நிதிச் சட்டம் ஒரே மூச்சில் மூன்று கதவுகளைச் சாத்தியது: பத்திர நன்கொடைக்குக் கட்சி கணக்கு வைக்க வேண்டாம், தேர்தல் ஆணையத்திடம் சொல்ல வேண்டாம், நிறுவனங்களுக்கு லாபத்தில் 7.5 சதவீதம் என்ற உச்சவரம்பும் வேண்டாம். வாக்காளருக்குத் தெரியாத பெயர் அரசு வங்கியிடம் இருந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இத்திட்டத்தை ரத்து செய்த பிறகுதான் பட்டியல் வெளியே வந்தது. அதில் முதலிடம் 1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கிய ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனத்துக்கு. அமலாக்கத் துறையின் விசாரணையில் இருந்த நிறுவனம் அது. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. ஆனால் அந்தப் பணத்தில் 500 கோடிக்கு மேல் திமுகவுக்கு வந்திருந்தது. மொத்தப் பத்திரப் பணத்தில் ஏறக்குறைய பாதியை வாங்கிய பாஜகவைக் குறை சொல்லும் மேடைகளில் இதையும் சேர்த்துச் சொல்லுவதுதான் நேர்மை. பத்திரமே வேண்டாம் என்று மறுத்து வழக்குக்கும் போன மார்க்சிஸ்ட் கட்சிக்குக் குறை சொல்லும் தகுதி இருக்கிறது.

கொடுப்பவர் பெயர் ஊரறிய இருந்தால் வரி அதிகாரி ரகசியத்தின் காவலாளியாகவும் வேண்டாம், ஏவல் ஆளாகவும் வேண்டாம். சோழர் காலக் குடவோலை முறையை மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் போட்டியிடவே முடியாது என்று அந்த முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டே சொல்வதை மட்டும் எந்த மேடையிலும் காணோம்.

தேர்தல் பத்திரத் தீர்ப்பு வந்த பிறகும் ஓட்டை அடைபடவில்லை. இருபதாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட நன்கொடைக்குப் பெயர் தர வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்டவர்களின் பட்டியல் ஆண்டுக்கொரு முறைதான் வரும், பெரும்பாலும் வாக்களித்து முடித்த பிறகு. தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளர் 95 லட்சம் வரைதான் செலவு செய்யலாம். அவருடைய கட்சி செலவு செய்வதற்கு இன்றுவரை வரம்பே கிடையாது.