விரல்கள் இல்லாத 'மூலதனம்'

ஷாஃப்ஹவுசனில் ஒரு காலத்தில் கம்பளி நூற்பாலையாக இருந்த கட்டிடத்தின் மாடிகளில், 1984 முதல் 2014 வரை 'புதிய கலைக்கான கூடங்கள்' என்ற காட்சியகம் இயங்கியது. அங்கு பெரிதும் பேசப்பட்ட படைப்பு ஜோசப் பொய்ஸின் 'மூலதன வெளி 1970-1977'. பியானோ, ஏணி, படம் காட்டும் கருவிகள், சுவரை நிறைத்த கரும்பலகைகள். படைப்பு இப்போது பெர்லினில். அது முப்பது வருடம் நின்ற இடம் நூற்பாலை என்பதை வெறும் முகவரியாகக் கடந்துபோகும் வாசிப்போடுதான் எனக்குச் சண்டை.

'மூலதனம்' முதற் பாகத்தில் யந்திரம் பற்றிய அத்தியாயம் நூற்பை விட்டால் நகராது. இயக்கும் சக்தி, அதைக் கடத்தும் அமைப்பு, வேலை செய்யும் கருவி என்று யந்திரத்தை மூன்றாகப் பிரிக்கும் மார்க்ஸ், பதினெட்டாம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி மூன்றாவதிலிருந்தே தொடங்கியது என்கிறார். இந்த ஊரின் பெருமையோ முதல் இரண்டில் நின்றுவிடுகிறது: ஹைன்றிக் மோசர் 1866இல் ரைன் நதிக்குக் குறுக்கே கட்டி முடித்த அணையும், அதன் சக்தியைக் கரையோர ஆலைகளுக்குக் கொண்டுசென்ற கம்பிவடங்களும்.

மூன்றாவது எது? இராட்டினத்தில் ஒரு கை சக்கரத்தைச் சுற்ற, மறு கையின் விரல்கள் பஞ்சை இழுத்து மெலியவைக்கும். ஹார்கிரீவ்ஸின் 'ஜெனி' ஒரே சக்கரத்தால் எட்டுக் கதிர்களைச் சுழற்றியது. ஆயினும் அதை ஓட்டியது மனிதக் கைதான். ஆர்க்ரைற் 1769இல் காப்புரிமை பெற்ற யந்திரத்தில், ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுழலும் உருளைச் சோடிகள் அந்த விரல்களின் வேலையையே எடுத்துக்கொண்டன. (உருளை யோசனை அவருக்கு முந்திய லூயிஸ் போல், வையற் ஆகியோருடையது. பெயரும் பணமும் ஆர்க்ரைற்றுக்கு!) நூற்கத் தெரிந்தவர் இனித் தேவைப்படவில்லை. அறுந்த இழையை ஒட்டச் சிறுவர்கள் போதும்.

மனிதரின் படைப்பாற்றலே உண்மையான மூலதனம் என்பது பொய்ஸின் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆற்றல் விரலிலிருந்து உருளைக்குக் கைமாறிய வரலாற்றின் மேல் நின்றுகொண்டு, அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் இதைச் சொல்ல முடியுமா?

தலைப்பிலுள்ள ஆண்டையே பாருங்கள். 1970 என்பது கலைஞருக்கு எடின்பரோவில் அவர் நடத்திய நிகழ்வு. சுவிஸிலிருந்த இத்தாலியத் தொழிலாளருக்கோ அது சுவார்சன்பாக் வாக்கெடுப்பு. வெளிநாட்டவரின் தொகையைக் குறைக்கக் கோரிய அந்த மனிதர் பிறந்தது ஒரு துணியாலை முதலாளிக் குடும்பத்தில். ஆண்கள் மட்டும் வாக்களித்த அந்த வாக்கெடுப்பில் கோரிக்கை தோற்றது. ஆனாலும் 46 வீதத்தினர் ஆதரித்திருந்தனர்.

இதே கண்ணால் நம் பக்கத்தையும் பார்க்கவேண்டும். வெள்ளவத்தை மில்லின் 1933 வேலைநிறுத்தத்தை நாம் இடதுசாரி இயக்கத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக எழுதுகிறோம். அதில் கொல்வின் ஆர். டி சில்வா இருக்கிறார், எதிர்த்து நின்ற குணசிங்க இருக்கிறார். மலையாளிகளுக்கு எதிராக எழுந்த பிரசாரம்கூட ஒரு வரியில் வந்துவிடுகிறது. அந்த மலையாளி ஆலைக்குள் எந்த யந்திரத்தின் முன் நின்றார், அது அவரது கைகளிடம் என்ன கேட்டது என்பதற்கு மட்டும் இடமில்லை.