பிறந்த துறையும் ஆடிய களரியும்

ஓர் ஊர் தன் பெருமையை எடுத்துரைக்க முற்படும்போது முதலில் ஆலயத்தையும், அடுத்துப் பாடசாலையையும், மூன்றாவதாகத் தன்னிடத்துப் பிறந்து புகழ்பெற்றோரின் பெயர்களையும் வரிசைப்படுத்துவது வழக்கம். கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், பிரதேச வரலாற்று நூல் ஆகிய அனைத்திலும் இவ்வொழுங்கைக் காணலாம். அப்பெயர் வரிசையில் நடிகருக்கும் பாடகருக்கும் தனியிடம் உண்டு. கடற்கரைப் பட்டினமாயின், அலையோசையே அவர்களுக்கு இசையைக் கற்பித்தது என்ற விளக்கமும் உடன்சேரும். இவ்விளக்கம் கேட்பதற்கு இனியது; ஆயின் எதனையும் விளக்குவதன்று. அலை எல்லாக் கரைகளிலும் ஒலிக்கின்றது. கலைஞரோ எல்லாக் கரைகளிலும் தோன்றுவதில்லை.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே, உப்புவெளியைக் கடந்து நிலாவெளி நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது சாம்பல்தீவு. கடலும் களப்பும் வயலும் சூழ்ந்த இவ்வூர், திரைப்பட அகராதிகளிலோ கலைஞர் பட்டியல்களிலோ பெரிதாக இடம்பெறும் ஊரன்று. அதனால் இவ்வூருக்குக் கலை வரலாறு இல்லை என்று முடிவுகட்டலாமா? அன்றி, ஓர் ஊரின் கலையை அங்குப் பிறந்த பெயர்களைக் கொண்டு அளக்கும் அளவுகோலே குறையுடையதா? ஆராயப்பட வேண்டிய வினா இதுவே.

கடற்கரைப் பட்டினம் ஒன்றின் ஆடற்கலைஞரைத் தமிழில் மிக விரிவாகப் பதிவுசெய்த நூல் சிலப்பதிகாரம். மாதவி புகாரிற் பிறந்தவள். ஆயினும் இளங்கோவடிகள் அச்செய்தியோடு அமைந்துவிடவில்லை. ஐந்து வயதிலிருந்து ஏழாண்டுகள் அவள் பயின்றதனைக் கூறுகின்றார்; ஆடலாசான், இசையாசான், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளைத் தனித்தனியே விரிக்கின்றார்; அரங்கின் நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு கோல், உயரம் ஒரு கோல் என அளவும் தருகின்றார்; அரசன் வழங்கிய பரிசு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் என்பதனையும் விட்டாரல்லர். பயிற்சி, ஆசிரியர், அரங்கு, ஆதரவு ஆகிய நான்கும் அரங்கேற்று காதையில் ஒருங்கே பதிவாகியுள்ளன. இந்நான்கையும் விடுத்து, 'மாதவி புகாரைச் சேர்ந்தவள்' என்ற ஒரு தொடரை மட்டும் அடிகள் எழுதியிருப்பாராயின், அக்காலக் கூத்தரங்கு பற்றிய அறிவின் பெரும்பகுதி தமிழுக்குக் கிட்டாது போயிருக்கும்.

பிறப்பூரால் மட்டும் கலையை விளக்குவதன் போதாமைக்கு ஆங்கிலக் கடற்கரைப் பட்டினமாகிய ஸ்காபரோ தக்க சான்று. விடுமுறை கழிக்க வருவோரை நம்பி வளர்ந்த ஊர் அது. அங்கு விடுதி நடத்திய குடும்பத்தில் 1899 இல் பிறந்தவர் சார்ள்ஸ் லோட்டன். எட்டாம் ஹென்றி மன்னனாக நடித்து 1933 ஆம் ஆண்டுப் படத்துக்காக ஒஸ்கார் விருது பெற்றவர் அவர். காந்தியடிகளாக 1982 இல் நடித்து அதே விருதைப் பெற்ற பென் கிங்ஸ்லி, அந்நகரை அடுத்த ஸ்நெயின்ரன் என்னும் சிற்றூரில் 1943 இல் பிறந்தவர். குஜராத்தி வழிவந்த மருத்துவரின் மகன். இயற்பெயர் கிருஷ்ண பாஞ்சி. நடிகை பெனலோப்பி வில்ற்றன் 1946 இல் ஸ்காபரோவிற் பிறந்தவர். ஊர்ப் பெருமை பாடுவோர்க்கு இம்மூன்று பெயர்களும் போதும்.

ஆனால் உண்மை வேறு. லோட்டன் குடும்ப விடுதியில் பணிபுரிந்தவாறு பயில்முறை நாடகங்களில் நடித்தார். நடிகராவதற்கோ இலண்டனுக்குச் செல்ல வேண்டியிருந்தது. கிங்ஸ்லி வளர்ந்தது மான்செஸ்ரர்ப் பகுதியில். ஸ்காபரோவின் நாடகத்தை ஸ்காபரோவின் நாடகமாக்கியவர்கள் அங்குப் பிறந்தவரல்லர். 1955 இல் ஸ்டீபன் ஜோசப் என்பவர் அந்நகரப் பொது நூலகத்தின் மேல்மாடி அறையொன்றில், பார்வையாளர் நாற்புறமும் சூழ்ந்திருக்கும் வட்ட அரங்கை நிறுவினார். இலண்டனிற் பிறந்த அலன் எய்க்போர்ண் 1957 இல் அங்கு மேடை உதவியாளராகச் சேர்ந்தார். பின்னர் 1972 முதல் 2009 வரை அதன் கலை இயக்குநராக இருந்தார். அவர் எழுதிய எண்பதுக்கு மேற்பட்ட நாடகங்களுட் பெரும்பாலானவை முதலில் அரங்கேறியது அச்சிறு நகரிலேயே. இலண்டன் பின்னர்தான் அவற்றைக் கண்டது. பிறந்தவர் வெளியேறினர், வந்தவர் தங்கினார். ஊருக்குக் கலை வரலாற்றைத் தந்தது பிறப்பன்று, அரங்கே என்பது இதனாற் பெறப்படும்.

ஈழத்திலே இதற்கு ஒப்புநோக்கத்தக்க துறைமுகப் பட்டினம் காங்கேசன்துறை. நடிகமணி வி. வி. வைரமுத்து அங்கு 1924 இல் பிறந்தார். அவரை உருவாக்கியதும் கடல் என்று கூறலாம். ஆயின் அது அலையோசையாகிய கடலன்று, வழியாகிய கடல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் தமிழகத்து நாடகக் குழுக்கள் பாக்குநீரிணையைக் கடந்து யாழ்ப்பாணம் வந்தன. சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வளர்ந்த இசை நாடகம் அவ்வழியே இங்கு வேரூன்றியது. வந்த குழுக்களைக் கண்டும் கேட்டும் உள்ளூர்க் கலைஞர் பயின்றனர். தாமே சபைகளை அமைத்தனர். வைரமுத்துவின் வசந்த கான சபா அத்தகையது. அரிச்சந்திர மயான காண்டம், நந்தனார், ஸ்ரீவள்ளி, சத்தியவான் சாவித்திரி முதலியவற்றை அச்சபை ஊரூராகக் கொண்டுசென்றது. ஆலய வீதியும் திறந்த வெளியுமே அதன் அரங்குகள். விடியும் வரை அமர்ந்திருந்த சனத்திரளுக்குச் சுடலை காக்கும் அரிச்சந்திரனின் புலம்பலைக் குரலாலே கட்டியெழுப்பிய திறமே அவரை ஈழத்தின் தலைசிறந்த இசை நாடக நடிகராக்கியது.

இவ்விடத்து ஒரு குறையையும் சுட்டுதல் தகும். ஒரே நாடகம் ஆயிரக்கணக்கான தடவைகள் மேடையேறியமை சாதனையாகவே பேசப்படுகின்றது. நடிகனின் நுண்மை அதனால் வளர்ந்தது உண்மை. நாடகப் பிரதி வளரவில்லை என்பதும் உண்மை. கேட்டதையே மீண்டும் கேட்க விரும்பிய அவை, கலைஞனை வாழவைத்த அதே கையால் அவனைக் கட்டியும் வைத்தது. அரங்கு கலைஞனை ஆக்குகின்றது என்னும்போது, அவனுக்கு எல்லை வகுப்பதும் அரங்கே என்பதனை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

வைரமுத்து 1989 இல் மறைந்தார். மறு ஆண்டே போரினால் காங்கேசன்துறை மக்கள் இடம்பெயர்ந்தனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. நிலங்கள் நெடுங்காலத்தின் பின்னர் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. 'காங்கேசன்துறைக் கலைஞர்' என்ற தொடர் இக்காலத்தில் எதனைச் சுட்டியது? பிறப்பூர் இருந்தது, வரைபடத்தில். ஆலய வீதியில் அமர்ந்திருந்த அவை இருக்கவில்லை. பெயரை ஏட்டில் எழுதி எடுத்துச் செல்லலாம். அவையை அவ்வாறு எடுத்துச் செல்லல் இயலாது.

திருகோணமலையின் நிலை இன்னொரு வகையினது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய இது, 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. கோணேசர் ஆலயத்துத் தேவாரமும் நாகசுரமும் ஒருபுறம். பறங்கியர் குடும்பங்களின் வயலினும் பைலாத் தாளமும் மறுபுறம். இவற்றிடையே கிற்றாரும் கப்பலோடு வந்த மேலைத்தேயப் பாடல்களும். இத்தகைய நகரிலிருந்து எம். பி. பரமேஷ், எம். பி. கோணேஷ் ஆகிய சகோதரர்கள் மெல்லிசை, பொப்பிசைக் கலைஞராக எழுந்தமை வியப்பன்று. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரோடு ஒருங்கு வைத்து எண்ணப்படும் அத்தலைமுறை, தென்னிந்தியத் திரைப்பாடலை நகல்செய்யாமல் ஈழத்துக்கெனத் தனிப் பாடலை ஆக்க முயன்றது. பரமேஷின் காதற்பாடல்கள் இசைத்தட்டாக வெளிவந்து வீடுதோறும் ஒலித்தன. ஆயினும் வானொலி நிலையமும் ஒலிப்பதிவுக் கூடமும் கொழும்பிலேயே இருந்தன. திருகோணமலை செவியைத் தந்தது. அரங்கைத் தரும் வாய்ப்பு அதனிடம் முழுமையாக இருக்கவில்லை. அந்நகரின் இசை ஒரு மரபாகத் தொடராமைக்குக் காரணம் திறமையின்மை அன்று, இவ்விடைவெளியே.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். பிறந்த ஊர் கலைஞனின் சொல்லிலும் குரலிலும் காட்சியிலும் தங்குவதில்லையா? தங்குகின்றது. மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939 இல் பிறந்த பாலு மகேந்திரா, புனே திரைப்படக் கல்லூரியிற் பயின்று, 'நெல்லு' (1974) என்னும் மலையாளப் படத்தின் வழியே ஒளிப்பதிவாளராக அறிமுகமானார். அவரது படங்களின் நீரும் இளவெயிலும் களப்பு நிலத்தின் நினைவிலிருந்து வந்தவை என்று வாதிடுவோர் வாதிடலாம். அதனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நினைவு மட்டும் படமாவதில்லை. கருவியும் கல்லூரியும் தயாரிப்பாளரும் வேண்டும். அவை ஈழத்தில் வாய்க்காமையாலேயே அவர் கடல் கடந்தார். அவரை மட்டக்களப்பின் பெருமையாக எண்ணும் ஒவ்வொரு முறையும், மட்டக்களப்பு அவருக்குத் தர இயலாது போனதையும் சேர்த்தே எண்ணுதல் நேர்மை.

பல்கலைக்கழகத்தின் பங்கும் இவ்விடத்து நோக்கத்தக்கது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் காங்கேசன்துறைக்கு அயலிலுள்ள தெல்லிப்பளையைச் சேர்ந்தவர். வைரமுத்து பிறந்த 1924 இலேயே பிறந்து, அவர் மறைந்த 1989 இலேயே மறைந்தவர். ஆயின் அவர் பெயர் நாடக வரலாற்றில் நிலைத்தது தம் ஊரின் இசை நாடகத்தால் அன்று, மட்டக்களப்பின் கூத்தால். 1962 இல் 'கர்ணன் போர்' முதலாகப் பேராதனையில் அவர் தயாரித்த கூத்துகள், அண்ணாவிமாரின் கலையைக் கற்றோர் அவைக்குக் கொணர்ந்தன. 'இராவணேச'னில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, பின்னாளில் அம்மரபின் ஆய்வாளராகவும் நெறியாளராகவும் வளர்ந்தார். ஸ்காபரோவுக்கு எய்க்போர்ண் போன்று, மட்டக்களப்புக் கூத்துக்கு வித்தியானந்தனும் வெளியிலிருந்து வந்தவரே.

எனினும் ஒரு முரண் உண்டு. கிழக்கிலங்கைக் கூத்து ஆடப்பட்டது வட்டக்களரியில். சுற்றிலும் சனம், நடுவே மண்மேடை. பேராதனையில் அது படச்சட்ட மேடைக்குள் வைக்கப்பட்டது. விடியவிடிய ஆடிய ஆட்டம் சில மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்திலேதான் ஸ்காபரோவில் ஸ்டீபன் ஜோசப் படச்சட்ட மேடையைத் துறந்து வட்ட அரங்கை நிறுவினார். ஆங்கில நாடக உலகம் அதனைப் புதுமையென வரவேற்றது. கிழக்கின் சிற்றூர் உழவரும் மீனவரும் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த அரங்கு வடிவம் அதுவே என்பதனை எடுத்துரைக்கத் தமிழிலே ஓர் இளங்கோ அன்று இருக்கவில்லை. வித்தியானந்தனின் பணி இதனாற் சிறுமையுறாது. அவர் இன்றேல் கற்றோர் கூத்தைத் திரும்பியும் பார்த்திரார். ஆயின் கூத்தரைக் காப்பாற்றிய அம்முயற்சி களரியைக் காப்பாற்றவில்லை என்பதும் பதிவாதல் வேண்டும்.

மீண்டும் சாம்பல்தீவுக்கு வருதல் பொருந்தும். இவ்வூரிற் பிறந்து உலகப் புகழ்பெற்ற நடிகர் யாவர் என்று வினவினால், விடை சுருக்கமாகவே அமையும். வினாவை மாற்றிக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். கோயில் வீதியில் எந்த இடத்தில் மேடை இட்டனர்? மத்தளம் அடித்தவர் யாரிடம் பயின்றார்? உடுப்புக் கட்டியவர் யார்? ஒப்பனைக்குரிய பணத்தை எவர் தந்தனர்? கடற்றொழில் ஓயும் காலத்திலா, அறுவடை முடிந்த காலத்திலா ஆட்டம் பழகினர்? இவ்வினாக்களுக்கு விடை கூறவல்ல முதியோர் போரையும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்டு எஞ்சியோர். அவர்கள் மறையுமுன் கேட்கப்படாத விடைகள் எந்த நூலகத்திலும் பின்னர்க் கிட்டா. ஊர் மலர்களுக்கு எழுதும் மாணவரும் ஆசிரியரும் பட்டியலை விடுத்து இவ்வினாக்களைக் கையிலெடுப்பின், ஓர் அரங்கேற்று காதைக்குரிய செய்திகள் சாம்பல்தீவு போன்ற ஊர்களுக்கும் கிடைக்கும்.

காங்கேசன்துறைக்கு 2015 இல் புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் அத்துறைக்கு வந்து சேர்ந்தது. நாடகக் குழுக்களைக் கொணர்ந்த அதே கடலில் வழி மறுபடி திறந்தது. ஆயின் வழி மட்டும் கலையைத் தருவதில்லை. இறங்கி வருவோர்க்கு ஒரு களரியும், அதனைச் சுற்றி விடியும்வரை அமரும் அவையும் வேண்டும். பிறந்த துறையைப் பாடுவது எளிது. ஆடிய களரியைத் தேடுவதும், அழிந்தவிடத்து மீண்டும் அமைப்பதுமே கடினமான பணி. விமரிசனத்தின் கடனும் அதுவே.