பட்டியலை யார் வரிசைப்படுத்துவது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே காஞ்சிபுரத்து இ-சேவை மையங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று கேட்டு நிற்பவர்கள் கையில் துணிப்பையும், பைக்குள் ரேஷன் கார்டும் ஆதாரும் டி.சி. நகலும் இருக்கும். பிள்ளை பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மாதான் கவுன்ட்டரில் பேசுவார். ஒரு குடும்பத்தின் அடுத்த நாற்பது ஆண்டுகளைத் தீர்மானிக்கும் வேலை அந்த வரிசையில் தொடங்குகிறது. அதில் பெற்றோர் செய்வது எவ்வளவு, செய்ய வேண்டியது எவ்வளவு என்பதைத் தமிழ்நாட்டில் இன்னும் யாரும் நிதானமாகப் பேசவில்லை.

பெற்றோர் உதவி என்று மொத்தமாகச் சொன்னாலும் அதில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, காகிதமும் பணமும். மற்றொன்று, எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்ற விருப்பப் பட்டியல். முதல் வேலையில் நம் பெற்றோர் காட்டும் உழைப்புக்கு ஈடு சொல்ல முடியாது. இரண்டாவதில் அதே அன்பு பிள்ளையின் வாய்ப்பைக் குறைத்துவிடுகிறது. இரண்டையும் ஒரே கை செய்வதால்தான் சிக்கல்.

பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளர முறை வந்தது 1997ல். அன்றிலிருந்து 2017 வரை, மாணவரும் கூட வருபவரும் கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு நேரில் போனார்கள். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் இருவருக்கும் பேருந்துக் கட்டணச் சலுகை. வெளியே பெரிய திரைகளில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே போய் கணினி முன்னால் உட்கார்ந்தால் சில நிமிடங்களில் முடிவு. குழப்பமும் பதற்றமும் இருந்தன. ஆனாலும் அந்தத் திரையை அப்பாவும் பார்த்தார், மகளும் பார்த்தாள். இருவருக்கும் தெரிந்த விவரம் ஒன்றே. 2018ல் எல்லாம் ஆன்லைனுக்கு வந்தது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. அலைச்சல் போனது பெரிய நன்மை. ஆனால் முடிவெடுக்கும் இடம் கிண்டியிலிருந்து வீட்டுக்கூடத்துக்கோ ப்ரௌசிங் சென்டருக்கோ மாறியபோது, யார் கையில் போன் இருக்கிறதோ அவர் கையில் முடிவும் போய்ச் சேர்ந்தது.

காகித வேலையின் கனம் நெசவாளர் வீட்டில் தெரியும். பிள்ளையார்பாளையத்திலோ முத்தியால்பேட்டையிலோ ஒரு தறிக்காரருக்குச் சேலைக்குத்தான் கூலி, நாளுக்கு அல்ல. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு பகல் போனால் அந்தப் பகலில் தறி ஓடாது. சேலை தள்ளிப்போகும், முதலாளியிடமோ சொசைட்டியிலோ பேச வேண்டிய கணக்கும் தள்ளிப்போகும். முதல் பட்டதாரிச் சான்றுக்குத் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர் யாரும் பட்டதாரி இல்லை என்று மாணவரும் பெற்றோரும் சேர்ந்து உறுதிமொழி கொடுக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் திரும்ப அலைய வேண்டும். ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க்ஷீட்டில் வேறு இனிஷியல் என்பது இங்கே தினக்கதை. பதினேழு வயதுப் பிள்ளையால் இதைத் தனியே செய்ய முடியாது. அப்பா தறியை நிறுத்திவிட்டு நிற்பதால்தான் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கைக்கு வருகிறது. 2017ல் தனியார் கல்லூரிகளின் கவுன்சலிங் இடங்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தேசியத் தர அங்கீகாரம் பெற்ற பிரிவுகளுக்கு 55,000 என்று கட்டணம் வைத்தார்கள். நெசவுக்கூலியில் ஓடும் வீட்டில் கல்லூரிக் கதவு திறப்பதும் மூடுவதும் இந்தச் சலுகையைப் பொறுத்தது.

ஆனால் இதே சலுகைக்குள் ஒரு முள் இருக்கிறது. மூத்தவர் பட்டம் பெற்றுவிட்டால் இளையவர் முதல் பட்டதாரி ஆக முடியாது. அக்கா கலைக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் பி.காம். முடித்திருந்தால், தம்பி பொறியியலுக்குப் போகும்போது சலுகை இல்லை. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் யாருடைய படிப்புக்காக அதை வைத்துக்கொள்வது என்ற கணக்கைப் பெற்றோர் போட நேர்கிறது. இதில் பெண்பிள்ளைகள் பின்னுக்குத் தள்ளப்படுவதைப் பார்த்தும் பேசாமல் இருப்பது சரியல்ல. பெற்றோரின் மனம் மட்டும் இதற்குக் காரணமில்லை. விதியே அப்படி யோசிக்க வைக்கிறது.

இன்னொரு முடிவை ஆறாம் வகுப்பிலேயே பெற்றோர் எடுத்துவிடுகிறார்கள், எடுக்கிறோம் என்று தெரியாமலே. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020ல், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021ல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் இதற்குள் வரமாட்டார்கள். பழைய பெயர் பெற்ற உதவிபெறும் பள்ளிகள் உள்ள காஞ்சிபுரம் போன்ற ஊரில் இது கூர்மையாக வெட்டுகிறது. தெருமுனை அரசுப் பள்ளியை விட்டு நல்ல பள்ளி என்று பெயர் கேட்டுச் சேர்த்த அப்பா, ஏழு வருடம் கழித்துத்தான் விவரம் அறிகிறார்.

காகிதம் முடிந்ததும் பட்டியல் வருகிறது. 200க்குக் கட்-ஆஃப்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ரேங்க் வந்தபின், தன் ரவுண்டில் கிடைக்கும் சில நாட்களுக்குள் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் வரிசையாகப் போடலாம்; உச்ச வரம்பு இல்லை. வீட்டில் நடப்பதை நெருங்கிப் பாருங்கள். 172 எடுத்த மகள் கிண்டிப் பொறியியல் கல்லூரியை முதலில் போடுகிறாள். அப்பா குறுக்கிடுகிறார்: “கிடைக்காததை ஏம்மா முதல்ல போடுற? முதல் சாய்ஸை வீணாக்காத. கிடைக்கிறதா பார்த்துப் போடு.” சித்தப்பா போனில் அதையே சொல்கிறார். பட்டியலில் இருந்து ஆசை போகிறது, பாதுகாப்பு மேலே ஏறுகிறது.

அனுபவசாலி சொல்வதுபோல் ஒலிக்கும் இந்த யோசனை முழுத் தவறு. ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் இடம் இருக்கும் கல்லூரியைக் கணினி ஒதுக்குகிறது. முதல் சாய்ஸ் கிடைக்கவில்லை என்பதற்காக இரண்டாவது சாய்ஸில் யாரும் பின்னால் தள்ளப்படுவதில்லை. எட்டாத கல்லூரியை மேலே வைப்பதால் எந்த நஷ்டமும் இல்லை. கிடைக்கக்கூடியதை மேலே தூக்கி வைத்தால்தான் நஷ்டம்: அது கிடைத்துவிடும், அதற்குக் கீழே போட்ட நல்லது பார்க்கப்படவே படாது.

அப்பாவின் யோசனை எங்கே சரியாக இருந்திருக்கும் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பள்ளிச் சேர்க்கைக்கு 2005 வரை வேறு முறை இருந்தது. ஒரு பள்ளியை முதல் விருப்பமாகப் போட்டவர்களுக்கே அங்கே முதலில் இடம்; முதல் விருப்பத்தைத் தவறவிட்ட பிள்ளை இரண்டாவது பள்ளிக்குப் போவதற்குள் அதுவும் நிரம்பியிருக்கும். விவரம் தெரிந்த பெற்றோர் வெஸ்ட் ஸோன் பேரண்ட்ஸ் குரூப் என்று ஒன்றுகூடி, எதை முதலில் போடுவது என்று வியூகம் வகுத்தார்கள். விவரம் தெரியாத வீட்டுப் பிள்ளைகள் இழந்தார்கள். ஆல்வின் ராத் உள்ளிட்ட பொருளியலாளர்கள் இந்த அநீதியை எடுத்துச் சொல்ல, நகரம் அந்த முறையையே கைவிட்டது. அதே ராத், லாயிட் ஷேப்லியுடன் 2012ல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். வியூகம் தேவைப்படாமல், உண்மையான ஆசையை அப்படியே எழுதச் செய்யும் முறைகளை வடிவமைத்தது அவர்கள் பணியில் ஒரு பகுதி. தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் ஒரு ரவுண்டு அலாட்மென்ட் அப்படி எழுதவே இடம் தருகிறது. அந்தச் சுதந்திரத்தைப் பறிப்பது, பாசத்தோடு சொல்லப்படும் தவறான யோசனை.

பிரிவுத் தேர்வில் வேறு வகைக் கோளாறு. 2010களின் முற்பாதியில் மெக்கானிக்கல் கேட்டு நின்ற கூட்டம் இன்று கம்ப்யூட்டர் சயின்ஸிலும் செயற்கை நுண்ணறிவிலும் நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேலை கிடைத்தது என்பதுதான் ஆதாரம். அவன் சேர்ந்தது நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பு. இந்தப் பிள்ளை வெளியே வருவது நான்கு ஆண்டுகளுக்குப் பின்பு. 500ஐத் தாண்டியிருந்த பொறியியல் கல்லூரிகள் இன்று 400 சொச்சமாகக் குறைந்ததற்கு, ஒரே பிரிவு நோக்கி இப்படி ஓடித் திரும்பியதும் ஒரு காரணம்.

காஞ்சிபுரத்தில் இன்னொன்று நெஞ்சை உறுத்துகிறது. கிண்டி ஏ.சி. டெக் வளாகத்தில் டெக்ஸ்டைல் டெக்னாலஜி இருக்கிறது. சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. சென்னையில் 1995 முதல் நிஃப்ட் இருக்கிறது. பாவு, ஊடை, ஜரிகை, கோர்வை எல்லாம் பிறந்ததிலிருந்து கண்ணில் பட்ட பிள்ளைக்கு அங்கே மற்றவரிடம் இல்லாத முதல் இருக்கிறது. ஆனால் நெசவு என்ற சொல் கேட்டதுமே வீட்டில் அந்த வரி அடிபட்டுவிடும். “என்னோட போகட்டும் இந்தத் தறி” என்பார் அப்பா. அவரைக் குறை சொல்ல நா எழாது. கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா. கரை நாடாவைத் தள்ளித்தர ஓரத்தில் ஒரு ஆள் வேண்டும். பல காலம் அந்த ஆள் ஒரு சிறுவன். இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி 2003ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. இன்று பிளஸ் டூ பிள்ளைக்கு அப்பாவாக இருப்பவர்களில் அப்படித் தறியோரம் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் உண்டு. தறியிலிருந்து பிள்ளையைத் தூரமாகக் கொண்டுபோவதுதான் அவர்களுக்குப் படிப்பின் பொருள். ஆனால் தறிக்குழியில் காலை வைப்பதும் துணியின் பொறியியலைப் படிப்பதும் ஒன்றல்ல என்று அவர்களிடம் உட்கார்ந்து சொல்ல ஆளில்லை.

மகள் என்றால் பட்டியல் இன்னும் சுருங்கும். காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம்தான் எல்லை: காரைப்பேட்டையில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கக் கல்லூரிகள். கோயம்புத்தூரும் திருச்சியும் கேள்வியிலேயே இல்லை. பயம் பொய்யில்லை, விடுதிச் செலவும் பொய்யில்லை. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் ஆகும், விடுதிக்கு ஆகாது. தூரம் தடை என்று மகளிடம் வெளிப்படையாகச் சொன்னால் அவள் அதற்குள் தன் வரிசையைப் போட்டுக்கொள்வாள். “அந்தக் காலேஜ் நல்லா இல்லயாம்” என்று சாக்குச் சொல்லும்போதுதான் அவள் முடிவெடுக்கவே கற்காமல் போகிறாள்.

தலையிடும் பெற்றோரை விடவும் ஆபத்தான இடம், தலையிடவே தெரியாத பெற்றோரின் வீடு. அங்கே பிள்ளையின் பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் ப்ரௌசிங் சென்டர்க்காரர் கையிலோ, கல்லூரிகளுக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் கையிலோ போகிறது. பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று ஆண்டுதோறும் அறிவிக்கிறார்கள். ஏஜென்ட் போடும் வரிசையில் மேலே வருவது, கமிஷன் தரும் கல்லூரி. இந்த இடத்தில் அப்பா அம்மாவின் காவலுக்கு மாற்று இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவாலும் போனைக் கையில் இறுகப் பிடித்து, “எம் பொண்ணு உக்காந்து போடட்டும்” என்று சொல்ல முடியும். இந்த நடைமுறையில் பெற்றோர் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி அதுதான்.

பதினேழு வயதுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லவில்லை. கூடப் படித்தவன் போகிறான் என்று கல்லூரி தேர்ந்தெடுக்கும் பிள்ளைகள் ஏராளம். கட்டணம் கட்ட முடியுமா, அந்தப் பிரிவுக்குத் தர அங்கீகாரம் உண்டா, ஆய்வகம் திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்று கேட்கும் பழக்கம் பெரியவர்களுக்கே உண்டு. சேருவதற்கு முன் நேரில் போய்ப் பார்த்து, கேண்டீனில் மாணவர்களிடம் பேச்சுக்கொடுத்துவிட்டு வரும் அப்பாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் தகவல் எந்த இணையதளத்திலும் இல்லை. எது முடியும், எது முடியாது என்ற எல்லையைப் பெற்றோர் போடட்டும். எல்லைக்குள் வரிசை பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

  

வரிசையை யார் போட்டார் என்பது அலாட்மென்டுக்குப் பிறகும் விடாது. ஒதுக்கீடு வந்ததும் ஐந்து பொத்தான்கள்: ஏற்றுச் சேர்கிறேன்; ஏற்கிறேன், மேலே உள்ளது வந்தால் போகிறேன்; வேண்டாம், மேலே உள்ளது வந்தால் போதும்; வேண்டாம், அடுத்த ரவுண்டு; வேண்டவே வேண்டாம். இரண்டாவதை அழுத்தியவருக்கு மேலே உள்ள இடம் காலியானால் தானாக அங்கே மாற்றம் ஆகும், கீழே இருந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். திரும்ப வழியில்லை. அப்பா ஏற்றிவைத்த கல்லூரி மேலே இருந்தால், மகள் விரும்பிய இடம் கையில் வந்த பிறகும் நழுவும்.

பிள்ளைகளுக்கு வழிகாட்ட அரசு 2022ல் நான் முதல்வன் திட்டத்தையும் அதையொட்டிக் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளையும் தொடங்கியது. உயர்வுக்குப் படி என்ற இன்னொரு முயற்சி, கல்லூரியில் சேராமல் விடுபட்டவர்களைத் தேடிப் போகிறது. நல்ல வேலைகள். ஆனால் இவை பெரிதும் மாணவரைப் பார்த்துப் பேசுகின்றன. பட்டியலைத் திருத்துகிறவரோ வீட்டில் இருக்கிறார். போன வருடம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவு, எந்த வகுப்பினருக்கு, எந்தக் கட்-ஆஃப் வரை போனது என்ற விவரம் இணையத்தில் கிடைக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து பஸ் எட்டும் கல்லூரிகளுக்கு மட்டும் அதைத் தமிழில் இரண்டு பக்கத்தில் அச்சடித்து, ஒவ்வொரு பள்ளியும் பெற்றோரை அழைத்துக் கையில் கொடுக்கலாம். கூட, இந்த ஊரிலிருந்தே போய்ப் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியை உட்காரவைத்துப் பேசச் சொல்லலாம். ஜூன் மாதம், மாலை ஏழு மணிக்கு மேல் வைத்தால் தறிக்காரர்கள் வருவார்கள். பகலில் வைத்தால் அம்மா மட்டும் வருவார், அவரும் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்.